எம்.சி. ரோட்டிலிருந்து காட்டுப்பள்ளி வரை, யாழ்ப்பாணத்து அக்காவோடு

யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருக்கும் அக்கா, போன மாதம் சரக்கு எடுக்கச் சென்னை வந்திருந்தார். 1983 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே பல வருஷம் குடியிருந்த குடும்பம். போர் முடிந்து கொஞ்ச காலம் கழித்து ஊர் திரும்பினார்கள். வடசென்னையை நான் அவருக்குச் சுற்றிக் காட்ட வேண்டியதில்லை, சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. ஆனாலும் கூடவே போனேன். இந்தியாவும் இலங்கையும் நெருங்குகின்றன என்று செய்தியில் படிப்பதெல்லாம் தில்லிக்கும் கொழும்புக்கும் இடையே நடக்கிற சமாசாரமாகவே இருக்கிறது. அந்த நெருக்கம் ஒரு சின்ன வியாபாரியின் கையில் என்னவாக வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குக் கூட்டம் சேருவதற்கு முன்னால் போய்விட வேண்டும். மதியத்துக்கு மேல் நடக்கவே இடமிருக்காது. நைட்டி, பாவாடை, குழந்தைகளுக்கான கவுன், பனியன் துணி எல்லாம் கட்டுக் கட்டாகக் கடை வாசலில் இறங்கிக்கொண்டிருந்தன. அக்கா பேசிய முதல் வாக்கியத்திலேயே கடைக்காரர் "சிலோனா, யாழ்ப்பாணமா?" என்று கேட்டுவிட்டு நாற்காலி போடச் சொன்னார். இப்படி வருகிறவர்கள் இந்தத் தெருவுக்குப் புதிதில்லை.

அக்கா சரக்கு பார்க்கும் விதத்தை எழுதியே ஆக வேண்டும். நைட்டியை முதலில் உள்பக்கமாகத் திருப்பினார். ஓரத் தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்தார். கைக்குட்டையின் முனையைத் தண்ணீரில் நனைத்து, துணியில் அழுத்தித் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தார். அப்புறம் பையிலிருந்து பெட்டி எடை பார்க்கும் சின்னக் கைத்தராசை எடுத்து, ஒரு டஜனை மொத்தமாகக் கட்டித் தொங்கவிட்டார். விலை பேசியது அதற்குப் பிறகுதான்.

"வடிவாத்தான் இருக்குத் தம்பி, ஆனா பாரம். ரெண்டு கொண்டு போற இடத்தில மூண்டு கொண்டு போனாத்தான் எனக்கு ஏதாவது மிஞ்சும்."

விமானத்தில் வருகிற வியாபாரிக்கு எடைதான் கணக்கு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு நேரடி விமானம் 2019 நவம்பரில் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. 2024 செப்டம்பரிலிருந்து இண்டிகோவும் பறக்கிறது. ஒன்றேகால் மணி நேரப் பயணம். முன்பு யாழ்ப்பாணத்திலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் கொழும்பு போய், அங்கிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறி வந்தவர் அவர். நேரடி விமானம் வந்ததில் ஒரு பயணத்துக்கு இரண்டு ராத்திரி மிச்சம் என்றார்.

இதில் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இலங்கையின் முதன்மையான ஏற்றுமதியே ஆயத்த ஆடைதான். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அங்கே தைத்து அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட நாட்டுக்காரர் வண்ணாரப்பேட்டையில் நைட்டி வாங்குகிறார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000இல் நடைமுறைக்கு வந்தது. அதில் இலங்கை ஆடைக்கு ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படி, தேயிலைக்கு 1.5 கோடி கிலோ, மிளகுக்கு 2,500 டன் என்று வரிச் சலுகைக்கு வரம்பு இருக்கிறது. இங்கிருக்கும் விவசாயியையும் தையல் தொழிலாளியையும் காக்கத்தான் அந்த வரம்பு, புரிகிறது. ஆனால் 2023-24 நிதியாண்டில் நாம் அவர்களுக்கு விற்றது சுமார் 410 கோடி டாலர், அவர்களிடம் வாங்கியது சுமார் 140 கோடி டாலர். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லாத நாடு அது. வாங்குவதில் நாம் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பணம் கட்டும்போது அக்கா எண்ணி வைத்தது ரூபாய் நோட்டு. 2024 பிப்ரவரியில் இலங்கையில் யுபிஐ வந்தபோது நாமெல்லாம் பெருமையாகப் பேசிக்கொண்டோம். அது இங்கிருந்து அங்கே சுற்றுலா போகிறவர்கள் கடையில் ஸ்கேன் செய்து பணம் கொடுப்பதற்கான வசதி. அங்கிருந்து சரக்கு எடுக்க வருகிறவர் இன்னும் பணமாற்றுக் கடையில்தான் நிற்கிறார்.

மண்ணடிக்கு நடந்தே போனோம். தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் மாடிக்கு மாடி கப்பல் சரக்கு ஏஜென்ட் அலுவலகங்கள். விமானத்தில் கொண்டுபோக முடியாத கட்டுகளை, நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரே கன்டெய்னரில் பங்கு போட்டு அனுப்புவார்கள். அந்தக் கன்டெய்னர் போகும் வழியைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். சென்னையிலிருந்து நேர் தெற்கே இருக்கிறது யாழ்ப்பாணம். ஆனால் பாக் நீரிணையில் ஆழம் பற்றாது, பெரிய கப்பல் அந்த வழியில் போகாது. இலங்கையின் கிழக்குக் கரையோரம் இறங்கி, தெற்கு முனையைச் சுற்றி, மேற்கே கொழும்பில் சரக்கு இறங்குகிறது. அங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் லாரியில் வடக்கே ஏறி வந்தால்தான் யாழ்ப்பாணம். தீவையே ஒரு சுற்றுச் சுற்றுகிறது ஒரு கட்டு நைட்டி. அந்தச் செலவெல்லாம் கடைசியில் யாழ்ப்பாணத்தில் வாங்குகிறவர் தலையில்தான்.

சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் வந்து அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் உருவான கடைத்தெரு இது. மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அக்கா இரண்டாவது கிண்ணம் சூப் வாங்கினார். ராஜாஜி சாலைக்கு அந்தப் பக்கம் துறைமுகத்தின் சுவர். அதைப் பார்த்ததும் பேச்சு 2022க்குப் போனது.

அந்த வருஷம் மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதம் அது 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. "கடையைத் திறந்து வச்சிருந்தன் தம்பி. சனம் வந்து விலையைக் கேட்டுட்டுப் போச்சுது. மற்ற நேரம் எரிவாயுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில நிண்டது" என்றார். அந்தச் சமயத்தில் இந்தியா கடனாகவும் நாணயப் பரிமாற்றமாகவும் கொடுத்தது ஏறத்தாழ 400 கோடி டாலர். தமிழ்நாடு தனியாக 123 கோடி ரூபாய்க்கு அரிசி, பால் பவுடர், மருந்து அனுப்பியது. முதல் கப்பல் இதே துறைமுகத்திலிருந்துதான் மே 18ஆம் தேதி கிளம்பியது. 9,000 டன் அரிசியும் 200 டன் பால் பவுடரும் மருந்தும் அதில் போயின. ராயபுரம், தண்டையார்பேட்டைக்காரர்கள் எத்தனையோ பேர் இந்தத் துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவர்கள். அந்தக் கப்பலை எங்கள் வீட்டிலிருந்து போன சீர்வரிசை மாதிரிதான் நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அக்கா அதை மறக்கவில்லை. அதைவிட அதிகமாக அவர் சொன்னது, 1990 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வரும் ஆம்புலன்ஸைப் பற்றி. இந்திய நிதியுதவியில் 2016இல் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்த இலவச சேவை. அவர் அம்மாவுக்கு நடுராத்திரி மூச்சுத் திணறியபோது போன் செய்த கொஞ்ச நேரத்தில் வண்டி வாசலுக்கு வந்ததாம். பெரிய திட்டங்களை எல்லாம் விட இந்த மாதிரி ஒன்றுதான் ஒரு நாட்டின் பேரை இன்னொரு நாட்டு வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

மறுநாள் விடியற்காலை காசிமேடு. இருட்டோடு போனால்தான் ஏலத்தைப் பார்க்க முடியும். வஞ்சிரமும் சங்கராவும் கூடை கூடையாக இறங்க, பெண்கள் சத்தம் போட்டு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா மீன் பக்கம் போகவே இல்லை. வரிசையாகக் கட்டியிருந்த விசைப்படகுகளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு படகிலும் இரும்புப் பட்டை அடித்த இரண்டு கனமான பலகைகள் தொங்குகின்றன. கடலுக்கடியில் மடி என்கிற இழுவை வலையின் வாயை விரித்துப் பிடித்துத் தரையோடு இழுத்துப் போவது அந்தப் பலகைகள்தான்.

"இதுதானே தம்பி எங்கட பக்கம் வாறது?"

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "நாங்க அந்தப் பக்கம் வர்றதில்லம்மா, வடக்கால ஆந்திரா தான்" என்றார். அது உண்மை. பாக் நீரிணைக்குப் போகிறவை பெரும்பாலும் ராமேஸ்வரம், நாகை, காரைக்கால் பக்கத்துப் படகுகள். ஆனால் அக்காவின் தங்கை வீட்டுக்காரர் பருத்தித்துறையில் சின்னப் படகு வைத்துத் தொழில் செய்கிறவர். போர்க்காலத்தில் பல வருஷம் அவர்களால் ஒழுங்காகக் கடலுக்கே போக முடியவில்லை. போர் முடிந்து, கடன் வாங்கி வலை வாங்கினால், ராத்திரி விரித்த வலையை இழுவைப் படகு அறுத்துப் போட்டுவிடுகிறது. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. அதே வருஷம் இங்கேயும் பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் அறிவித்தார்கள். நடந்தது சொற்பம்.

நம் மீனவர்கள் கைதாகும்போதும் படகுகள் பறிபோகும்போதும் இங்கே வீடுகள் அழுவதை நானும் பார்த்திருக்கிறேன். அந்த வலி உண்மையானது. ஆனால் எதிர்க்கரையில் வலை அறுபட்டு உட்கார்ந்திருப்பவரும் தமிழ் பேசுகிற ஏழை மீனவர்தான் என்பதை நாம் இன்னும் சத்தமாகப் பேச வேண்டும். பெரிய நாடு சின்ன நாட்டோடு நெருங்குகிறது என்றால், முதலில் தீர்க்க வேண்டிய கணக்கு இது என்பது என் எண்ணம்.

அங்கிருந்து எண்ணூர். அசோக் லேலண்ட் தொழிற்சாலை இருக்கும் சாலையில் புது வண்டிகளின் வெறும் சேசிஸ்கள் போவதைப் பார்க்கலாம். கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. டிரைவர் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து ஓட்டிப் போவார். "எங்கட ஊர் பஸ் எல்லாம் இதிலதானே ஓடுது" என்று அக்கா சிரித்தார். இலங்கை அரசும் அசோக் லேலண்டும் சேர்ந்து 1982இல் லங்கா அசோக் லேலண்ட் என்ற கம்பெனியைத் தொடங்கின. கொழும்புக்குப் பக்கத்தில் ஹோமாகமவில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்கள். இங்கே ஒருவருக்கு வேலை, அங்கே ஒருவருக்கு வேலை. இப்படிப்பட்ட கூட்டு எனக்குப் பிடித்திருக்கிறது.

அத்திப்பட்டு வழியாகச் சுற்றிக் காட்டுப்பள்ளிக்குப் போனோம். வழி முழுக்கக் கன்டெய்னர் லாரிகளின் வரிசை, புழுதி, அனல்மின் நிலையத்தின் புகை. துறைமுகத்துக்குள் போக அனுமதி இல்லை, தூரத்திலிருந்து கிரேன்களை மட்டும் பார்த்தோம். இந்தத் துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையத்தில் 51 சதவீதப் பங்கும் அவர்களுடையதுதான். 2025 ஏப்ரலில் அங்கே வேலை தொடங்கிவிட்டது. கொழும்பில் கப்பல் மாற்றி ஏற்றப்படும் கன்டெய்னர்களில் பாதிக்கும் மேல் இந்தியச் சரக்கு. இப்போது கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகமும் வந்துவிட்டது, அதையும் அதே குழுமம்தான் நடத்துகிறது. நாளைக்கு ஒரு கப்பல் கொழும்புக்குப் போகலாமா, விழிஞ்ஞத்துக்குப் போகலாமா என்பதில் இலங்கைக்கு எவ்வளவு பேச்சு மிச்சமிருக்கும்? அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்ட நாடு அது. இந்தக் கேள்வியை அங்கே பலரும் பயத்தோடு கேட்பதில் நியாயம் இருக்கிறது.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்தைப் பழவேற்காடு மீனவர்கள் எதிர்க்கிறார்கள் என்று சொன்னேன். "மன்னார்லயும் காற்றாலைக்கு இப்பிடித்தான் சனம் நிண்டது" என்றார். அங்கே பறவைகளின் வழித்தடம், மக்களின் நிலம் என்று வழக்கு வரை போனது. கடைசியில் 2025 பிப்ரவரியில் அதானி நிறுவனம் அந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது.

திரும்பும் வழியில் அவரிடம் நேராகவே கேட்டேன், உங்களுக்கு இந்தியா செய்ய வேண்டியது என்ன என்று. கடலுக்கு மேல் பாலமும் வேண்டாம், இரண்டு நாட்டையும் இணைக்கும் மின்கம்பியும் அவசரமில்லை என்றார். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காங்கேசன்துறை துறைமுகத்தைச் சீர்செய்ய 6.15 கோடி டாலர் மானியமாகத் தருவதாக இந்தியா 2024இல் ஒப்புக்கொண்டிருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து அங்கே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்திருக்கிறது. அக்காவின் கண் அதில்தான் இருக்கிறது. "சனத்த ஏத்திற மாதிரி சின்னச் சாமானையும் ஏத்தினாக் காணும். கஸ்டம்ஸ்ல எங்களுக்கெண்டு ஒரு வரிசை வேணும். நைட்டி கொழும்பைச் சுத்தி வரத் தேவையில்லை." அடுத்த முறை விமானத்தை விட்டுவிட்டு அந்தக் கப்பலில் வரப்போகிறாராம். எம்.சி. ரோட்டிலிருந்து கட்டுகளை நாகைக்கு லாரியில் போட்டால் என்ன செலவாகும் என்று விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு பார்சல் அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். கட்டு ஒன்றுக்கு ரேட் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள்.