கால் மைல் வட்டத்தில் சனிக்கிழமை இரவுகள்

கோயம்புத்தூரிலிருந்து வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகருக்குக் குடிவந்த முதல் கோடையில், சனிக்கிழமை இரவானால் எங்கள் வீட்டு வாசல்வரை தேனீக்கூட்டம் போன்ற ஓர் இரைச்சல் வந்து சேரும். நெடுஞ்சாலைச் சத்தம் என்றே நினைத்திருந்தேன். சிகரெட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர்தான், அது போமன் கிரே விளையாட்டரங்கத்தில் நடக்கும், சாலைக் கார்களின் சாயலில் கட்டிய ஸ்டாக் கார்களின் பந்தயம் என்றும், அதைப் பார்க்காதவரை நான் இந்த ஊருக்கு விருந்தாளிதான் என்றும் சொல்லி, அடுத்த வாரமே கையோடு அழைத்துப் போனார்.

கார் பந்தயம் எனக்குப் புதிதல்ல. செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இடமும் வலமுமாக வளையும் பாதையில் கார்கள் சீறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கண்ணோடு பார்த்ததால், இடப்பக்கம் மட்டுமே திரும்பித் திரும்பி ஓடும் இந்தப் பந்தயம் முதல் அரைமணி நேரம் செக்கு மாட்டைத்தான் நினைவூட்டியது. போதாக்குறைக்கு, நன்றாகத் தெரியுமென்று எண்ணி வளைவுக்குப் பக்கத்தில் கீழ்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மதியம்வரை காதில் ரீங்காரம் ஓயவில்லை. தலை வாரியபோது சீப்பிலிருந்து கடுகு போல டயர் துகள்கள் உதிர்ந்தன.

ஆகவே புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காதடைப்பான் இல்லாமல் உள்ளே போகாதீர்கள், குழந்தைகளுக்குக் காதை முழுவதும் மூடும் உறையே நல்லது. படிக்கட்டு வரிசைகள் கான்கிரீட் என்பதால் உட்கார ஒரு மெத்தை வேண்டும். முடிந்தவரை மேல்வரிசையைப் பிடியுங்கள். அங்கிருந்துதான் பாதை முழுவதும் ஒரே பார்வையில் விழும்.

பாதை என்பது கால் மைல், அதாவது பள்ளி மைதானத்தில் நாம் ஓடிய நானூறு மீட்டர் ஓடுபாதை அளவுதான். 1930களில் கட்டப்பட்ட அரங்கம், நடுவே அமெரிக்கக் கால்பந்துத் திடல், அதைச் சுற்றித் தார்ப்பாதை. ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பை நிறுவிய பில் ஃபிரான்ஸ் இங்கே 1949இல் பந்தயத்தைத் தொடங்கிவைத்தார். புகழ்பெற்ற ஓட்டுநர் ரிச்சர்டு பெட்டி தமது நூறாவது வெற்றியை 1969இல் இங்கேதான் பெற்றார். 1971க்குப் பிறகு நாஸ்காரின் முதன்மைத் தொடர்க் கார்கள் இந்தப் பக்கம் வரவேயில்லை. 2025 பிப்ரவரியில் கிளாஷ் என்னும் காட்சிப் பந்தயத்துக்காகத் திரும்பி வந்தபோது சேஸ் எலியட் வென்றார். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு உயிர், சக்கரங்கள் உடற்கூட்டுக்கு வெளியே மறைப்பின்றி நீட்டிக்கொண்டிருக்கும் மாடிஃபைட் கார்கள்தான்.

இருபதுக்கும் மேற்பட்ட கார்களை இவ்வளவு சிறிய வட்டத்தில் விட்டால், முன்னால் ஓடுபவர் சற்று நேரத்திலேயே கடைசிக் காரின் முதுகுக்கு வந்துவிடுகிறார். பெரிய நீள்வட்டப் பாதைகளில் வளைவுகள் சாய்வாக உயர்த்தப்பட்டிருப்பதால் மேற்புறமும் வேகம் கிடைக்கும். இங்கே பாதை தட்டை என்பதால் உள்விளிம்பைப் பிடித்தவருக்கே ஆதாயம், வெளியே போகிறவர் அதிக தூரம் ஓடியாக வேண்டும். அந்த உள்விளிம்பைப் பறிக்க ஒரு வழி உண்டு. வளைவில் முன்கார் வேகம் குறைக்கும் நொடியில் அதன் பின்பம்பரை மெல்ல ஓர் இடி இடித்தால், பின்சக்கரங்களின் பிடி தளர்ந்து அது வெளிப்பக்கம் வழுக்கும். கிடைத்த இடுக்கில் இடித்தவர் நுழைந்துவிடுவார். சற்று ஓங்கி இடித்தால் முன்கார் முழுதாகச் சுழன்று நிற்கும், எல்லோரும் வேகம் குறைக்க வேண்டுமென்று மஞ்சள் கொடி விழும், அரங்கில் பாதிப் பேர் எழுந்து கூச்சலிடுவார்கள், மீதிப் பேர் கைதட்டுவார்கள். இதைப் புரிந்துகொண்டபின் நான் முதலிடத்தில் ஓடுபவரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நான்காவதும் ஐந்தாவதும் ஓடும் கார்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் கதை நடக்கிறது.

கார் எப்படி இவ்வளவு இலகுவாக இடப்பக்கம் திரும்புகிறது என்று கேட்டதற்குப் பெரியவர் தம் கையிலிருந்த காகிதக் கோப்பையைப் படியில் உருட்டிக் காட்டினார். வாய் அகன்று அடி குறுகிய நம் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் உருட்டினாலும் அது நேராகப் போகாமல் அடிப்பக்கமாக வளைந்துதான் ஓடும். வலப்பக்க டயர்களின் சுற்றளவை இடப்பக்கத்தைவிடக் கூடுதலாக வைப்பதன் சூட்சுமம் அதுவே.

பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும் முதல் கேள்வி உங்கள் பெயராக இராது. பர்ட் மயர்ஸா, டிம் பிரௌனா என்பதாகவே இருக்கும். பல பட்டங்களை வென்ற இவ்விருவரின் போட்டியில் ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மயர்ஸின் தாத்தா பில்லி மயர்ஸ் 1958இல் இதே பாதையில் பந்தயத்தின் நடுவே மாரடைப்பால் இறந்தவர். பெரியவர் மயர்ஸ் பக்கம் என்பதால் நானும் அப்படியே. ஊருக்குப் புதியவனுக்குக் கட்சி கிடைப்பது சாதாரண விஷயமல்ல.

தொடக்கத்தில் எனக்குத் தயக்கமும் இருந்தது. கண்ணுக்கெட்டியவரை என் நிறத்தில் ஒருவரும் தென்படவில்லை. டான்வில்லைச் சேர்ந்த கறுப்பின ஓட்டுநர் வெண்டெல் ஸ்காட் 1952இல் இந்த ஊருக்குத் தம் காரை இழுத்து வந்தபோது, நிறத்தைக் காரணம் காட்டித் திருப்பியனுப்பப்பட்டார். 1963இல் ஜாக்சன்வில்லில் அவர் வென்ற அன்று முதலில் வேறொருவரையே வெற்றியாளராக அறிவித்தார்கள். அவருக்குரிய கோப்பை குடும்பத்தாரிடம் 2021இல்தான் வந்து சேர்ந்தது. உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடியை நாஸ்கார் தடைசெய்ததும் 2020இல்தான். இவற்றை அறிந்துகொண்டுதான் அந்தப் படிகளில் உட்காருகிறேன். எனக்கு நேர்ந்ததென்னவோ மெத்தையை நகர்த்தி இடம் கொடுத்ததும், காதடைப்பானில் ஒரு ஜோடியை நீட்டியதுமே.

ஒருநாள் பேச்சுவாக்கில், எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் பிக்கப் டிரக் பந்தயத் தொடரில் முதன்முதலாக ஓட்டியது இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள மார்ட்டின்ஸ்வில் அரைமைல் பாதையில்தான் என்றும், முதல் முயற்சியிலேயே பதின்மூன்றாம் இடம் பிடித்தார் என்றும் சொன்னேன். பெரியவர் சற்று யோசித்து, மார்ட்டின்ஸ்வில்லில் பிரேக்கை எரித்துவிடாமல் வண்டியைக் கடைசிவரை கொண்டுசேர்ப்பதே பெரிய வேலை என்றார். பிறகு வரிசையில் இருந்த நாலு பேரிடமும் அதைத் தாமே திருப்பிச் சொன்னார், கோயம்புத்தூர் என்ற பெயரைத் தம் நாக்குக்கு ஏற்றபடி உடைத்து.

ஆகஸ்டில் பருவம் முடியும் இரவு, பழைய கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, கடைசியாக நகரும் காருக்கு வெற்றி தரும் இடிபாட்டுப் போட்டி நடக்கும். அதன் பின் வின்ஸ்டன்-சேலம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பருவம் நடுத்திடலுக்கு வருகிறது. போன செப்டம்பரில் அந்த ஆட்டம் ஒன்றுக்குப் போனேன். திடலில் வெள்ளைக் கோடுகள் புதிதாகப் போடப்பட்டிருந்தன; சுற்றுச்சுவரில் மட்டும் ஆறடி நீளத்துக்கு ஒரு கறுப்புத் தேய்ப்பு, மயர்ஸ் ஜூலையில் யாரை எங்கே ஒதுக்கினார் என்று பெரியவர் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.