பேசாமல் நிற்கிறவர் பக்கம்

கதைகளைச் செப்பனிடுவது என் வேலை. ஒரு கதை நடுவில் முட்டிக்கொண்டு நின்றால் எழுதியவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "இந்தக் காட்சியில் பேசாமல் நிற்கிறவர் யார்? அவர் சொல்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். அச்சுக்கு இல்லை, நமக்கு மட்டும்."

அண்மையில் வந்த ஒரு கதையில், பூர்வீக வீட்டில் தங்கைக்குள்ள பங்கை அண்ணன் விடுதலைப் பத்திரமாக எழுதி வாங்குகிறான். கதையைச் சொல்பவனும் அவன்தான். சார்பதிவாளர் அலுவலகம் வரை நன்றாக ஓடிய கதை அங்கே படுத்துவிட்டது. அவள் கையெழுத்துப் போடுகிறாள். அவன் இரண்டு பக்கத்துக்கு உருகுகிறான். படிக்கிற நமக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

தங்கை சொல்வதாக எழுதி வாங்கினேன். அதில் அழுகையே இல்லை. அண்ணி எடுத்துக் கொடுத்த புதுப்புடவை கழுத்தில் அறுக்கிறது. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த பெருவிரல் கருவியில் பதிய மறுக்கிறது. தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் உரிமை தந்த 1989 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கல்யாணமானவள் அவள். பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாகத் தனக்கும் பங்குண்டு என்று நன்றாகவே தெரியும். ஆனால் அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அதனால் போடுகிறாள்.

இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவன் கண்ணில் படுவது இவ்வளவுதான்: தங்கை பத்திரத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறாள், பதியாத விரலைப் புதுப்புடவையில் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். அந்த இரண்டையும் சேர்த்ததும் உருக்கப் பக்கங்கள் தாமாக உதிர்ந்துவிட்டன.

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'சாப விமோசன'த்தை இதற்காகவே புதியவர்களுக்குக் கொடுப்பேன். சீதை தீக்குளித்ததை நேரில் காட்டாமல், அகலிகையின் காதில் விழும் சேதியாகவே வைக்கிறார். அவள் பக்கம் நின்று கேட்கும்போதுதான் அது எப்பேர்ப்பட்ட சேதி என்று நமக்கு உறைக்கிறது.

சிலர் எழுதிப் பார்த்த பக்கத்தின் மேல் ஆசைப்பட்டு அதையே கதைக்குள் செருகிவிடுவார்கள். நான் விடுவதில்லை. இன்னொன்றையும் கவனிப்பேன்: தங்கையும் அண்ணனின் மொழியிலேயே பேசினால், எழுதியவர் இன்னும் அவளிடம் போய்ச் சேரவில்லை. அப்போது மறுபடி எழுதச் சொல்வேன்.

இந்தக் கதையில் அண்ணியின் பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது. புடவை எடுத்துக் கொடுத்தது அவள்தானே, அதையும் கேட்டிருக்கிறேன்.