அட்டைப்படம் யாருடையது?

மட்டக்களப்பில் நூல் வெளியீடுகளுக்குக் குறைவே இல்லை. அந்த நூல்களில் சிலவற்றின் அட்டை என் கையால் ஆனது. அச்சகத்தில் டைப் அடிப்பது, பக்கம் கட்டுவது, அட்டை போடுவது எல்லாம் நான்தான். ஆனால் உள்பக்கத்தில் ‘அட்டை வடிவமைப்பு’ என்ற வரியில் முதலாளியின் பெயர் இருக்கும். மேடையில் பொன்னாடையும் அவருக்கே.

டிம் பர்ட்டன் இயக்கிய ‘பிக் ஐஸ்’ (2014) படத்தை அண்மையில் பார்த்தேன். மார்கரெட் கீன் வரைந்த பெரிய கண் பிள்ளைகளின் ஓவியங்களை, தான் வரைந்தவை என்று சொல்லிக் கணவர் வால்டர் விற்ற உண்மைக் கதை. களவு ஒரே நாளில் நடந்ததாகப் படம் காட்டவில்லை. ஓவியத்தின் மூலையில் ‘கீன்’ என்று மட்டும்தான் கையெழுத்து. விற்கும் இடத்தில் நிற்பவர் வால்டர். வரைந்தவர் அவர்தான் என்று வாங்க வந்தவர்கள் நினைக்கிறார்கள், அவரும் மறுக்கவில்லை. அப்புறம் காசு சேரச் சேர, உண்மையைச் சொன்னால் குடும்பத்துக்கே நட்டம் என்றாகிவிடுகிறது.

எங்கள் முதலாளி வால்டர் அளவுக்குப் பொல்லாதவர் இல்லை. “ஆக்கள் என்ட பெயரப் பாத்துத்தானே புள்ள வேல தாறாங்க” என்பார். அதில் பொய்யும் இல்லை. ஓடர் பிடிப்பவரும், கடன் சொன்னவர்களிடம் அலைந்து காசு வாங்குபவரும் அவர்தான். ஆனால் அந்த நியாயம் அச்சகத்தின் பெயருக்குப் பொருந்தும், அட்டை வரிக்குப் பொருந்தாது.

வால்டர் மேல் மார்கரெட் போட்ட அவதூறு வழக்கில், 1986இல் ஹொனலுலு நீதிமன்றத்தில் இருவரிடமும் வரைந்து காட்டச் சொன்னார்கள். வால்டர் தோள் நோகிறது என்றார். மார்கரெட் 53 நிமிடத்தில் வரைந்து முடித்தார். படம் இந்த இடத்தைப் பகிடியாக்கிவிட்டது. வால்டராக வரும் கிறிஸ்டோஃப் வால்ட்ஸின் நடிப்பு எனக்குக் கொஞ்சம் மிகை. ஜூரிகள் 40 லட்சம் டொலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். 1990இல் மேல்முறையீட்டில் அந்தத் தொகை ரத்தாகி, வால்டர் அவதூறு செய்தார் என்ற தீர்ப்பு மட்டும் நிலைத்தது.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால், சம்பளத்துக்குச் செய்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை முதலாளிக்கு. பெயர் போடச் சொல்லும் உரிமை ஆக்கியவருக்கே. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு யார் முதலாளியிடம் போவது, அது வேறு கதை.

அடுத்து ஒரு கவிதைத் தொகுப்பு வரவிருக்கிறது. பாமினி எழுத்துருவில் அந்த வரியை அடிப்பவளும் நான்தானே. அட்டைக்கு நேரே என் பெயரைப் போட்டுப் புரூப் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அது அவர் மேசையில் கிடக்கிறது. திருவிழா நோட்டீஸ்தான் இப்போது அவசரமாம்.