மிஷன் பங்களாவும் சனிக்கிழமைப் பயணங்களும்

நமது பழைய மாணவர் சங்க மலர்களில் அதிபர்களைப் பற்றியும், துடுப்பாட்ட வீரர்களைப் பற்றியும், பேர்பெற்ற ஆசிரியர்களைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுள்ளது. 1960களின் முற்பகுதியில் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள் அனைவரும் அறிந்திருந்த ஒரு முதிய அமெரிக்கத் தம்பதியரைப் பற்றி மட்டும் இதுவரை எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. தங்கள் பெயர் அச்சில் வருவதை அவர்கள் விரும்பாதவர்கள். ஆகையால் நாங்கள் அன்று அழைத்தபடியே போதகர் ஐயா என்றும் அம்மா என்றும் குறிப்பிடுகிறேன்.

மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஆசிரியராகவும் போதகராகவும் இருந்த ஐயா, பிள்ளைகள் எல்லோரும் குடும்பமாகிவிட்ட பிறகு, ஓய்ந்திருக்க வேண்டிய வயதில் மனைவியோடு யாழ்ப்பாணம் வந்தவர். மேல்வகுப்புகளுக்கு ஆங்கிலமும் புவியியலும் படிப்பித்தார். அம்மா காலையில் நூலகத்திலும் மாலையில் விடுதியின் நோயாளர் அறையிலும் இருப்பார். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்கள் குடியிருந்த மிஷன் பங்களாவில் சமைத்த ஆச்சிதான்.

விடியற்காலையில் விறாந்தையில் இருவரும் வேதம் வாசித்துச் செபம் செய்வார்கள். அது முடிய, ஓய்வுபெற்ற பண்டிதர் ஒருவர் சைக்கிளில் வந்து அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பார். மதியம் சிவப்பரிசிச் சோறும் கீரையும் பாற்சொதியும். ஞாயிறு பிற்பகலில் அம்மா தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்து, கார்பன் தாள் வைத்து, அமெரிக்காவில் தங்கள் ஊரிலுள்ள சபையாருக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் அந்த வாரத்துச் செய்திகளை எழுதுவார். யாருடைய வீட்டில் ஒடியற்கூழ் குடித்தார்கள், எந்தத் தோட்டத்தில் வெங்காயம் கிண்டினார்கள், மாரிமழை எப்போது தொடங்கியது என்பவையெல்லாம் அக்கடிதங்களில் இருக்கும். எங்களுள் கையெழுத்துத் தெளிவாக உள்ள ஒருவரை அழைத்து உறைகளுக்கு முகவரி எழுதச் சொல்வார். பலமுறை அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

சனிக்கிழமைகளில் அவர்களுடைய பழைய மொறிஸ் மைனர் காரில் நான்கு மாணவர்களை ஏற்றிக்கொண்டு புறப்படுவார்கள். யாருடைய முறை என்பதை விடுதி மேற்பார்வையாளர் பலகையில் எழுதிவைப்பார். ஆளுக்கொரு குறிப்பேடு கொண்டுவர வேண்டும். எவரையும் கேட்காமல் படம் பிடிக்கக் கூடாது. எந்த வீட்டில் எதைத் தந்தாலும் சாப்பிட வேண்டும். வாழையிலையில் கட்டிய இடியப்பமும் சம்பலும் பின்னாசனத்தில் எங்கள் மடியில் இருக்கும். காரைநகரில் சவுக்கு மரங்களின் கீழ் உண்டுவிட்டுக் கடலில் இறங்குவோம். கடலின் நடுவே உள்ள ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்தபடி நிற்போம். நெடுந்தீவுக்கு வள்ளத்தில் போய், முருகைக்கற்களை அடுக்கிய வேலிகளையும், வெளிகளில் மேயும் குதிரைகளையும், ஆபிரிக்காவிலிருந்து வந்ததென்று சொல்லப்படும் பெருக்குமரத்தையும் கண்டோம். நான் அதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அந்த வயதுவரை நெடுந்தீவைக் கண்டதில்லை.

எனினும் என் வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது நிலாவரைக் கிணற்றுக்குப் போன பயணமே. அது அடியில்லாத கிணறு என்றும், அதில் விட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்றும் ஊரில் சொல்வார்கள். ஐயா அக்கதையை மறுக்கவில்லை. கல் கட்டிய போத்தல் ஒன்றைக் கயிற்றில் இறக்கி, இன்னொரு நூலால் தக்கையை இழுத்துத் திறந்து, வெவ்வேறு ஆழங்களிலிருந்து தண்ணீர் எடுத்து எங்களுக்குச் சுவைக்கத் தந்தார். மேலே நல்ல தண்ணீர். கீழே போகப்போக உவர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத நமது குடாநாட்டில் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, பாரம் கூடிய கடல்நீரின்மேல் மெல்லிய படையாக நிற்கிறது என்பதையும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும் என்பதையும் அன்று அந்தக் கிணற்றுக்கட்டிலேயே விளக்கினார். தோட்டங்களுக்குத் துலாவை விட்டு நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், “அப்ப மெசினை வாங்க வேண்டாமெண்டோ சொல்லுறியள், ஐயா?” என்று கேட்டார். “வாங்குங்கள். ஆனால் கிணற்றைப் பார்த்து இறையுங்கள்” என்றார் ஐயா. பிற்காலத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளனாக நான் எழுதிய அறிக்கைகள் பலவற்றுக்கும் அடிப்படை அந்தப் போத்தல் தண்ணீர்தான்.

நான் சைவப் பிள்ளை. அமெரிக்க மிஷன் நமது ஊருக்கு வந்த நோக்கம் எனக்குத் தெரியும். அதை எதிர்த்து ஆறுமுக நாவலர் எழுந்ததும் தெரியும். அந்த நாவலரே பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் என்பதை வகுப்பில் மதிப்போடு எடுத்துச் சொன்னவர் போதகர் ஐயா. ஓர் ஆடி அமாவாசையன்று என் தகப்பனார் பாட்டனாருக்குப் பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்குச் சென்றபோது, அம்மாவும் ஐயாவும் தாங்களும் வரலாமா என்று முன்கூட்டியே அனுமதி கேட்டு உடன் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கிரியைகள் முடியும்வரை ஒரு மரத்தடியில் பேசாமல் இருந்தார்கள். கேணியில் தோய்ந்து வந்த அப்பாவிடம் அம்மா, “உங்கள் தகப்பனார் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டார். அப்பா அதிகம் பேசாதவர். அன்று வீடு வந்து சேரும்வரை பாட்டனாரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அவற்றுள் பெரும்பாலானவற்றை நானே அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

உடுவிலுக்கும் மானிப்பாய்க்கும் போகும்போது ஐயா தமக்கு முன் வந்த அமெரிக்க மிஷனரிமாரைப் பற்றிப் பேசுவார். 1816இல் தெல்லிப்பழையில் பணியைத் தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியை ஆரம்பித்த டானியல் பூவர் 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். புதிய அமெரிக்கர் எவரும் வரக்கூடாதென்று ஆங்கில அரசு 1820இல் தடுத்து, 1833வரை அந்தத் தடையை நீக்காதிருந்தது. அக்காலத்திலும் இங்கே பணிசெய்த லீவை ஸ்போல்டிங்கும் மனைவியும் பின்னர் இங்கேயே முதுமையடைந்து கண்மூடினர். 1847இல் வந்து மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த கிறீன் வைத்தியர், வூஸ்டர் நகரிலுள்ள தமது கல்லறையில் தமிழருக்கு ஊழியம் செய்தவர் என்று பொறிக்கப்பட வேண்டுமென விரும்பினார். அந்தக் கல்லறை ஐயாவின் சொந்த மாநிலத்தில் உள்ளது. புறப்படுவதற்கு முன் போய்ப் பார்த்துவிட்டே வந்ததாகச் சொன்னார்.

சித்திரை விடுமுறையில் மட்டும் கொடைக்கானல் போவார்கள். ரயிலில் தலைமன்னார், கப்பலில் தனுஷ்கோடி, அங்கிருந்து மீண்டும் ரயில். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவர்களே மதுரையில் மிஷனைத் தொடங்கினர். காய்ச்சலுக்குத் தப்ப அந்த மதுரை மிஷனரிமார் 1845இல் கொடைக்கானல் மலையில் வீடு கட்டினர். 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்த செய்தி வந்த அன்று, தாங்கள் வழியில் தேநீர் குடித்த கடைக்காரரையும் சுமை தூக்கியவர்களையும் நினைத்து அம்மா அழுதார்.

அடுத்த ஆண்டு அவர்கள் விடைபெற்றார்கள். பிரியாவிடைக் கூட்டத்தில் மாலை போட்டுப் பேசியவர்கள் பலர். மறுநாள் காலை ரயில் நிலையத்துக்கு வந்த தோட்டக்காரர்களும் வள்ளக்காரர்களும் அவர்களைவிட அதிகம். அம்மாவின் கடிதங்கள் ஆண்டுதோறும் நத்தாருக்கு வந்துகொண்டிருந்தன. என்னிடமிருந்தவை இடப்பெயர்வில் போய்விட்டன. அந்தச் சனிக்கிழமைகளில் எடுத்த படங்களோ, குறிப்பேடுகளோ, கடிதங்களோ நமது பழைய மாணவர் எவரிடமாவது இருந்தால், அவற்றின் பிரதிகளை மலர்க்குழுவுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். முறைப்பலகையில் உங்களோடு சென்ற மற்ற மூவரின் பெயர்களையும் ஆண்டையும் சேர்த்து எழுதினால், தொகுக்கும் வேலையை நானே பொறுப்பேற்றுச் செய்வேன்.