முன்னிறகு ஏறிவிட்டது: கோஸி மார்க் 4 வேலை நிலவரம்

என் கராஜில் நான் கட்டிக்கொண்டிருக்கும் விமானத்தின் கனார்ட் முடிந்தது. மூக்குக்குப் பக்கத்தில் குறுக்கே நிற்கும் அந்தச் சின்ன இறகு, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் தகடு இரண்டையும் சேர்த்துக்கொண்டு, உடற்பகுதியில் போய் உட்கார்ந்துவிட்டது. இதுவரை கராஜுக்கு வந்தவர்கள் எல்லாரும் "என்ன, படகு செய்றீங்களா?" என்றுதான் கேட்டார்கள், தண்ணீரே இல்லாத அரிசோனாவில் இதற்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. இப்போது கேள்வி மாறியிருக்கிறது: "ஏன் திருப்பி வெச்சிருக்கீங்க?"

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோஸி மார்க் 4 நான்கு பேர் உட்காரும் விமானம். எஞ்ஜினும் ப்ரொப்பெல்லரும் பின்னால், இறகு இரண்டும் பின்பக்கம் சாய்ந்து, நுனியில் விங்லெட் என்று நிமிர்ந்து நிற்கும் சின்னத் தகடு, வால் என்று தனியாக எதுவும் கிடையாது, அந்த வேலையை முன்னால் இருக்கும் கனார்ட் பார்த்துக்கொள்ளும். காலி எடை 1050 பவுண்டு, ஆள், எரிபொருள் எல்லாம் ஏற்றிய பிறகு அதிகபட்ச மொத்த எடை 2050 பவுண்டு என்பது வரைபடத்தில் சொன்ன கணக்கு. எஞ்ஜின் 180 குதிரைசக்தி லைகாமிங் ஓ-360. வடிவமைத்தவர் நாட் பஃபர், நான் இருக்கும் இதே மேசா நகரத்தில் வாழ்ந்தவர். அவர் அடித்தளமாக எடுத்துக்கொண்டது விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி விமானம். ரூட்டன் 1975-இல் வேரி-ஈஸியையும் 1979-இல் லாங்-ஈஸியையும் பறக்கவிட்டார், 1985-இல் வரைபடம் விற்பதையே நிறுத்திவிட்டார். கோஸியின் வரைபடத்தை ஏர்கிராஃப்ட் ஸ்ப்ரூஸ் என்ற விமானப் பொருள் கடை விற்கிறது. தயாரான பாகங்களாக வரும் கிட் எதுவும் இல்லை, வருவது காகிதக் கட்டுதான். ஃபோம், கண்ணாடியிழைத் துணி, எபாக்ஸி எல்லாம் நாம் வாங்கி, நாம் வெட்டி, நாமே ஒட்ட வேண்டும்.

ரூட்டன் கண்டுபிடித்த சௌகரியம் என்னவென்றால் இதற்கு அச்சு தேவையில்லை. முதலில் ஃபோமை இறகின் வடிவத்துக்கு வெட்டு, அதன் மேல் துணியைப் போர்த்தி எபாக்ஸி பூசு, காய்ந்ததும் ஃபோம் உள்ளேயே இருந்துவிடும், அவ்வளவுதான். கேட்க இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் நிறைய பேர் ஆரம்பிக்கிறார்கள், பாதிக் கட்டிய விமானங்கள் இந்த ஊர் கராஜ்களில் தூங்குவதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, கனார்டுக்கு வருவோம். சாதாரண விமானத்தில் வால் இறகு பெரும்பாலும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும், அதைச் சுமக்கிற வேலையும் பெரிய இறகுக்குத்தான். இங்கே முன்னிறகும் மேலே தூக்குகிறது. அதைவிட முக்கியம், வேகம் குறையும்போது முன்னிறகுதான் முதலில் ஸ்டால் ஆக, அதாவது தூக்கும் சக்தியை இழக்க வேண்டும். அது தூக்குவதை விட்டதும் மூக்கு தானாகக் கீழே இறங்கும், வேகம் கூடும், கனார்ட் மறுபடி தூக்கும். பெரிய இறகு ஸ்டால் வரைக்கும் போகவே போகாது. ஆனால் இதெல்லாம் கனார்டின் வடிவமும் நீளமும் கோணமும், அப்புறம் விமானத்தின் எடை மையமும் சொன்ன இடத்தில் இருந்தால்தான். கனார்ட் தேவைக்கு மேல் தூக்கினாலோ, எடை மையம் அளவுக்கு மேல் பின்னால் போனாலோ, பெரிய இறகு முதலில் ஸ்டால் ஆகும், அதிலிருந்து மீளவே முடியாமல் போகலாம். பறக்கும் சோதனைகளுக்குப் பிறகு நாட் பஃபரே மார்க் 4-இன் கனார்டை நீளத்தில் குறைத்தார். அதனால் இந்த இறகு விஷயத்தில் என் சொந்தப் புத்திக்கு வேலையே கொடுக்கக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். கராஜ் அலமாரி செய்யும்போது காட்டுகிற கைவண்ணத்தை இங்கே காட்ட வேண்டாம்.

ஃபோம் வெட்டுவதுதான் இதில் எனக்குப் பிடித்த கட்டம். நீல நிற பாலிஸ்டைரீன் கட்டை, இரண்டு முனையிலும் இறகின் குறுக்குவெட்டு வடிவத்தில் டெம்ப்ளேட் ஆணியடித்து, நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை மின்சாரத்தில் சூடாக்கி, இரண்டு பேர் இரண்டு முனையிலும் பிடித்து டெம்ப்ளேட்டின் மேல் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். டெம்ப்ளேட் இரண்டிலும் ஒரே மாதிரி எண்கள் குறித்திருக்கும். ஒரு ஆள் எண்ணைச் சொல்ல, இருவரும் அதே நொடியில் அதே எண்ணில் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் பிடித்தது என் மனைவி. முதலில் எண் சொன்னது நான், அப்புறம் அந்தப் பொறுப்பு அவள் கைக்குப் போய்விட்டது. "ஒண்ணு... அரை... ரெண்டு... நில்லுங்க, நீங்க முன்னாடி ஓடுறீங்க, நான் இன்னும் ரெண்டுக்கே வரல." கம்பி அதிகச் சூடாக இருந்தால் ஃபோம் உருகிப் பள்ளம் விழும், சூடு போதாவிட்டால் கம்பி நடுவில் பின்தங்கி வளைந்துவிடும். ஒரு அங்குலம் நகர ஐந்து நொடி என்கிற வேகம் எங்களுக்குச் சரியாக வந்தது. இறகின் முன்விளிம்பு வளைவில் மட்டும் இன்னும் நிதானம் வேண்டும், முனையில் இருக்கும் நமக்குக் கம்பி திரும்பிவிட்டதாகத் தெரியும், நடுவில் அது இன்னும் வந்து சேர்ந்திருக்காது. நல்ல வெட்டு என்றால் கட்டையைப் பிரிக்கும்போது மெல்லிய முடி போன்ற இழைகள் பரப்பு முழுக்க நிற்கும், கையால் தடவினால் உதிர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சூடான கம்பியால் வெட்டுவது பாலிஸ்டைரீனை மட்டும்தான். மூக்குப் பகுதியில் செதுக்குவதற்கு யூரித்தேன் ஃபோம் வருகிறது, அதைக் கம்பியால் தொட்டால் வருவது விஷப்புகை. கத்தியும் உப்புத்தாளும்தான் அதற்கு. இரண்டையும் ஒரே மூலையில் அடுக்கி வைக்காதீர்கள்.

துணி இரண்டு வகை. பிட் என்பது இழைகள் இரண்டு திசையிலும் ஓடுவது, யூனி என்பது கிட்டத்தட்ட எல்லா இழையும் ஒரே திசையில் ஓடுவது. கனார்டின் பலம் முழுக்க அதன் முதுகெலும்பான ஸ்பாரில் இருக்கிறது. ஃபோமில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் யூனி நாடாவை அடுக்கடுக்காக, ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை எபாக்ஸியில் நனைத்து நிரப்ப வேண்டும். இழை நேராகக் கிடந்தால்தான் இழுவையைத் தாங்கும், நெளிந்து கிடக்கும் இழை நிமிர்கிற வரைக்கும் பாரம் பக்கத்தில் இருப்பதன் தலையில். அதனால் ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு பேர் இரண்டு முனையையும் இழுத்துப் பிடிக்க, மூன்றாவது ஆள் ரப்பர் தகட்டால் வழித்துக்கொண்டே போவது என்று வைத்துக்கொண்டோம். மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுக்காரர், பாவம், தோட்டத்துக் குழாய்க்கு ஸ்பேனர் கேட்க வந்தவர்.

மேல்தோல் போடும்போது துணி வெள்ளையாக இருக்கும். எபாக்ஸி ஊற ஊற அந்த வெள்ளை மறைந்து, துணி இருக்கிற இடமே தெரியாமல், அடியில் ஃபோமின் நீலமும் நான் பென்சிலால் போட்ட கோடும் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். எங்கே வெள்ளைப் புள்ளி நிற்கிறதோ அங்கே காற்று இருக்கிறது, தூரிகையால் குத்தி வெளியேற்று. வெள்ளை போய்விட்டதே என்று எபாக்ஸியை ஊற்றிக்கொண்டே இருக்கவும் கூடாது, பலம் தருவது கண்ணாடியிழை, மிஞ்சிய எபாக்ஸி வெறும் எடை. வழித்து எடுக்க எடுக்க ஓரத்தில் ஒழுகும் அதைப் பார்த்தால் வயிறு எரியும், விலை அப்படி. கடைசியில் பீல் ப்ளை என்கிற பாலியெஸ்டர் துணியை மேலே போட்டு, காய்ந்ததும் உரித்துவிட்டால், அடுத்த ஒட்டுக்குத் தேவையான சொரசொரப்பு தானாகக் கிடைத்துவிடும், உப்புத்தாள் தேய்க்கிற வேலை பாதி மிச்சம். ஓரத்தை அறுப்பதற்கும் நேரம் உண்டு: எபாக்ஸி முழுக்கக் கெட்டியாகாமல் தோல் பதத்தில் இருக்கும்போது கூர்மையான கத்தியால் ஒரே இழுப்பில் வந்துவிடும். அந்த நேரத்தைத் தூங்கி விட்டுவிட்டால் மறுநாள் ரம்பம்தான், கையெல்லாம் அரிப்பு.

மேசா வெயிலில் எபாக்ஸி ஒரு தனிக் கதை. கோப்பையில் மொத்தமாகக் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலத் தட்டில் பரப்பி, விடிவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடிக்கிற மாதிரித் திட்டம் போட வேண்டும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. எபாக்ஸி ஒவ்வாமை ஒரு தரம் வந்துவிட்டால் போகாது, அதனாலேயே பாதியில் விமானத்தை விற்றவர்கள் உண்டு.

கனார்டின் குறுக்குவெட்டு வடிவம் இறகு வடிவ நிபுணர் ஜான் ரான்ஸ் போட்டது. பழைய ஈஸிகளில் இருந்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வடிவம், நல்ல வடிவம்தான், ஆனால் மழையில் நனைந்தால் தூக்குவது குறைந்து மூக்கு கீழே சாயும், பைலட் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். ரான்ஸ் வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை. அரிசோனாவில் மழைக்கு என்ன அவசரம் என்று கேட்காதீர்கள், பெரிய விமான விழா நடக்கும் ஆஷ்காஷுக்குப் போகிற வழியில் எல்லா ஊரிலும் பெய்யும்.

எலிவேட்டரில் சொல்ல வேண்டியது ஈயம். கீலுக்கு முன்னால் ஈயக்கட்டி வைத்துச் சமநிலை பார்க்காவிட்டால் வேகத்தில் அது படபடக்க ஆரம்பித்து நொடிகளில் பிய்ந்துவிடும். பெயிண்ட் அடித்தால் பின்விளிம்பில் எடை கூடும், அதனால் பெயிண்டுக்குப் பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். பெயிண்ட் என்ன நிறம் என்று என் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வெள்ளை, வேறு பேச்சே இல்லை. வெயிலில் அடர்நிறம் சூடாகிக்கொண்டே போகும், சூட்டில் எபாக்ஸி பலம் இழக்கும்.

பொருத்துவதில் உடற்பகுதியை முதலில் ரசமட்டம் வைத்து நேராக்கி, கனார்டின் மேல் வரைபடத்தோடு வந்த கோண டெம்ப்ளேட்டை வைத்து, அதன் மேல் மட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்வரை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது. அப்புறம் பின்னால் ஒரு புள்ளியிலிருந்து இரண்டு நுனிக்கும் நாடா பிடித்துத் தூரம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போல்ட்டுக்குத் துளை போடுவதற்கு முன் ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டேன், காலையில் குளிர்ச்சியாக இருந்த கராஜில் குமிழி அதே இடத்தில் நின்றது, துளை போட்டேன்.

வரைபடத்தை மாற்றாதே என்று நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் எல்லா ஈஸிக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் லாங்-ஈஸியில் விழுந்து இறந்தார். அவர் அதை வாங்கியவர், கட்டியவர் இல்லை. எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடி வரைபடத்தில் பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்கும். அந்த விமானத்தில் அது இடது தோளுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. எட்டித் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டும், திருப்பும்போது கால், மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடர் பெடலை அழுத்திவிடும். விசாரணையில் இந்த இடமாற்றமும், கிளம்பும்போது எரிபொருள் குறைவாக இருந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கட்டும்போது இடம் மாறிய ஒரு கைப்பிடி அது.

நடுவில் ஒரு நல்ல காரியம் நடந்தது. இங்கே ஃபால்கன் ஃபீல்ட் விமான நிலையத்தில் லாங்-ஈஸி வைத்திருக்கும் ஒரு பெரியவர் என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். அது நிற்கும்போதே வேடிக்கைதான், கோயில் யானை முன்காலை மடக்கின மாதிரி மூக்கைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கும். முன்னால் ஆள் இல்லாவிட்டால் எஞ்ஜின் கனத்துக்குப் பின்பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் அப்படித்தான் நிறுத்துவார்கள். ஏறுவதற்கு முன் அவர் என் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் கூட வாங்கி வைத்துவிட்டார், இங்கே கையிலிருந்து எது நழுவினாலும் நேராகப் பின்னால் ப்ரொப்பெல்லருக்குத்தான் போகும். எஞ்ஜின் மூடியான கவுலிங்கின் ஸ்க்ரூ, சக்கரம் கிளப்பும் கல், எல்லாமே அங்கேதான், அதனால் சரளை ஓடுபாதைப் பக்கமே இவர்கள் போவதில்லை.

ஓடுபாதையில் ரொம்ப தூரம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது, கனார்டுக்குப் போதுமான வேகம் வந்த பிறகுதான் மூக்கு எழுந்தது. மேலே போனதும் பின்சீட்டு ஸ்டிக்கை என்னிடம் கொடுத்து, பவரைக் குறைத்து, முழுக்கப் பின்னால் இழு என்றார். இழுத்தேன். வேகம் குறைந்துகொண்டே வந்தது, மூக்கு மெதுவாக ஒரு தரம் இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது. இறகு சாயவில்லை, உதறவில்லை. ஸ்டிக் முழுக்கப் பின்னால் இருக்க, அது பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே வந்தது. காகிதத்தில் நான் படித்ததெல்லாம் இதுதானா என்று இருந்தது. இறங்கும்போது ஃபிளாப் கிடையாது என்பதால் வயிற்றுக்கு அடியில் ஒரு பலகையைத் திறந்து காற்றைத் தடுத்துக்கொண்டு, வேகமாகவே வந்து, நீளமாக ஓடி நின்றார். வீடு வந்ததும் மனைவி முதலில் கேட்டது, "நாம வெட்டின மாதிரிதான் அதுவும் இருந்துச்சா?" வெட்டு நம்முடையது தேவலை என்று சொன்னேன், அது பொய்யும் இல்லை.

நிறைய பேர் சட்டம் பற்றிக் கேட்கிறீர்கள். இங்கே அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. விதிப்படி பாதிக்கு மேல் வேலையைக் கற்பதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக் குறிப்பு எழுதி வைக்கிறேன். முடிந்ததும் ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார், அதன் பிறகு குறிப்பிட்ட பகுதிக்குள் சோதனைப் பறப்பு. சான்றிதழ் பெற்ற எஞ்ஜினும் ப்ரொப்பெல்லரும் சேர்ந்த ஜோடி என்றால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40. அதுவரை பயணிகளை ஏற்ற முடியாது, மகளுக்கு இதில் கடும் வருத்தம்.

அடுத்தது 13-ஆம் அத்தியாயம், மூக்குச் சக்கரம். அதற்கு முன் கனார்டைக் கழற்றிச் சுவரில் மாட்டியாக வேண்டும், ஏனென்றால் அது உடற்பகுதியில் இருக்கும்வரை கராஜ் கதவு மூடவில்லை, வாஷிங் மெஷினுக்குப் போகவும் குனிந்துதான் போக வேண்டியிருக்கிறது. பழைய ஓ-360 ஒன்று விற்பனைக்கு இருப்பதாகச் சேதி வந்திருக்கிறது, பதிவேட்டைப் பார்த்துவிட்டு அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.