ஐயோவாவுல தொரையே வெட்டுறாரு

போன வருஷம் அக்டோபர்ல தங்கச்சி வீட்டுக்கு அமெரிக்கா போயிட்டு வந்தேன். மலேசியாவுல எங்க ஊரு பீடோங், அங்க வந்து எறங்குனதுலேர்ந்து டீக்கடையில ஒரே கேள்விதான், நியூயார்க் பாத்தியா, செலைய பாத்தியான்னு. இல்லப்பா, நான் போனது ஐயோவா. பேர்லயே ஐயோ இருக்கேடான்னு அம்மா கெளம்பறப்பவே மூஞ்ச சுளிச்சுச்சு.

அமெரிக்காவுக்கு நடு வயித்துல இருக்குற மாநிலம் அது, கெழக்கால மிசிசிப்பி ஆறு, மேக்கால மிசௌரி ஆறு, ரெண்டுக்கும் நடுவுல நம்ம தீபகற்ப மலேசியாவ விட கொஞ்சம் பெரிய நெலம். ஆனா ஜனம் மொத்தமே 32 லட்சம் பேர்தான். மத்தவங்க எங்கன்னு கேக்குற மாதிரி இருக்கும். நம்ம வீட்டு வாசல்ல நின்னா ஜெராய் மல தெரியுதுல்ல, 1,200 மீட்டருக்கு மேல, ஐயோவாவுல இருக்குறதுலயே ஒசந்த எடம் 509 மீட்டர், அதுவும் மல இல்ல, ஒரு பண்ண நெலத்துல லேசா மேடு தட்டுன எடம், அவ்ளோதான்.

டி மொயின்தான் தலைநகரம், இன்சூரன்ஸ் கம்பெனிங்க நெறைய, மச்சானும் அந்த வேலதான். அத விட்டு அரை மணி நேரம் காடி ஓட்டுனா போதும், ரெண்டு பக்கமும் சோளம், சோயா, சோளம், சோயா. ரோடு எல்லாம் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி, ஒரு கட்டைக்கு, அதான் ஒரு மைலுக்கு, ஒரு ரோடு, நடுவுல 640 ஏக்கர் சதுரமா. நான் மச்சான்கிட்ட சொன்னேன், யோவ் இது எஸ்டேட்டுய்யா, பாலு மரத்துக்கும் செம்பனைக்கும் பதிலா சோளம் வச்சிருக்கான். என்ன, லயம் இல்ல, கோயில் இல்ல, காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு நிக்கிற கூட்டம் இல்ல.

மச்சானுக்குத் தெரிஞ்ச ஒரு வெள்ளக்காரர் சோளம் வெட்டுற மெஷின்ல ஏத்திக்கிட்டாரு. அந்த கண்ணாடிக் கூண்டுக்குள்ள ரெண்டு ஸ்கிரீன், கைய எடுத்துட்டாரு, ஸ்டீரிங் தானா திரும்புது, ஒரே ஓட்டத்துல 12 நெர சோளத்த முழுங்கி கொட்டைய பின்னாடி தொட்டியில கொட்டுது. எனக்கு தொரைன்னா தொப்பி போட்டுக்கிட்டு பைக்குல வந்து கங்காணிய ஏசிட்டுப் போறவருதான், அப்பா சொல்லிச் சொல்லி அப்படியே மனசுல நின்னுபோச்சு. இங்க தொரைக்கு நகக்கண்ணு பூரா கிரீஸு, தானே நடுறாரு தானே மருந்து அடிக்கிறாரு தானே வெட்டுறாரு, பெல்ட் அறுந்தா தானே கீழ படுத்து மாட்டுறாரு. ஆயிரம் ஏக்கருக்கு அவரும் மகனும் மட்டும்! ஆள் கூட்டமா வேல செய்யிறது பன்னி வெட்டுற ஃபேக்டரியிலதான், அங்க மெக்சிகோக்காரங்க, பர்மாக்காரங்க, நம்ம காட்டுல பங்களாதேசி செம்பனைக் குலை வெட்டுற மாதிரி.

ஆசையா ஒரு சோளத்த உரிச்சு கடிச்சேன், பல்லே போயிருக்கும், கல்லு. பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, பட்டர் போட்டு கப்புல குடுக்குறானே அது வேற ஜாதியாம். இது பன்னிக்கு, கோழிக்கு, ஆனா வெளையிறதுல பாதிக்கு மேல எத்தனால் ஆயி காடிக்கு எண்ணெயா போவுது. பன்னி மனுசங்கள விட ஏழு மடங்கு ஜாஸ்தி, காத்து அடிச்சா தெரியும். காத்துன்னதும் ஞாபகம் வருது, அவங்க கரண்டுல பாதிக்கு மேல காத்தாடியிலேர்ந்துதான் வருது, அதே காத்துதான் 2020 ஆகஸ்ட்ல சூறாவளி மாதிரி வந்து லட்சக்கணக்கான ஏக்கர் சோளத்த பாய் விரிச்ச மாதிரி படுக்க வச்சுதாம்.

உரம் போட்டு போட்டு ஆத்துத் தண்ணியில நைட்ரேட் ஏறிக்கிட்டே இருக்கு. நான் போறதுக்கு நாலு மாசம் முன்ன, 2025 ஜூன்ல, டி மொயின் பக்கம் புல்லுக்குத் தண்ணி ஊத்தவே தடை போட்டுட்டாங்க, சுத்தம் பண்ற மெஷினுக்கு மூச்சு முட்டுதுன்னு. தங்கச்சி அந்தத் தண்ணிதான் குடிக்கிது, அத நெனச்சா எனக்கு அடிவயிறு கலங்குது.

தொரை நடுவுல நடுவுல போன எடுத்து சிக்காகோ சோயா வெல பாப்பாரு. சிரிப்பு வந்துருச்சு. சோயா எண்ணெய் ஏறுனா செம்பனை எண்ணெயும் பின்னாடியே ஏறும், அவரு பாக்குற அதே நம்பரத்தான் இங்க பத்து ஏக்கர் வச்சிருக்குற நம்ம ஆளும் பாக்குறான். அவரு ஊர்ல 1980கள்ல கடன் தாங்காம சின்ன பண்ணைங்க வித்துட்டுப் போயி, புள்ளைங்க கொறைஞ்சு, ரெண்டு ஊர் ஸ்கூல ஒண்ணாக்கி பேரையும் ஒட்ட வச்சுட்டாங்க. நம்ம தமிழ்ப்பள்ளி தோட்டத்த விட்டு தாமானுக்கு, அதான் புதுசா வீடு கட்டுன குடியிருப்புக்கு, மாறியும் போர்டுல இல்லாத தோட்டத்துப் பேரு இருக்குல்ல, அப்படித்தான்.

கடைசி வாரம் ஐயோவாவுலயே டாமாங்குற ஒரு எடத்துக்குப் போனோம். மெஸ்க்வாகின்னு அந்த மண்ணுக்கே சொந்தக்காரங்க, 1840கள்ல அவங்கள கான்சஸுக்குத் தொரத்திட்டாங்க. கொஞ்ச பேரு நைசா திரும்பி வந்து, இருந்த காச சேத்து 1857ல 80 ஏக்கர் வாங்குனாங்க, தன் நெலத்தயே காசு குடுத்து. இப்ப 8,000 ஏக்கருக்கு மேல வச்சிருக்காங்களாம், ஸ்கூலு, கேசினோ எல்லாம் இருக்கு. நான் காடிய விட்டு எறங்காம ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். நம்ம ஊர்ல தோட்டங்கள துண்டு போட்டு வித்துக்கிட்டு இருந்த காலத்துல, தொழிலாளிங்களே சேந்து தோட்டம் வாங்கணும்னு 1960ல ம.இ.கா. கட்சித் தலைவர் துன் சம்பந்தன் ஆரம்பிச்ச நில நிதிக் கூட்டுறவு சங்கத்துக்கு தோட்டம் தோட்டமா பத்து பத்து வெள்ளியா கட்டுனாங்களே, அதுல எங்கப்பா வெள்ளியும் இருந்துச்சு. எங்க தோட்டம் மட்டும் தாமான்காரன்கிட்ட போயிருச்சு.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவோட பிஸ்கட் டின்ன கொட்டித் தேடுனேன். சங்கத்து புக்கு இருக்கு, மொத பக்கத்துல கையெழுத்துக்குப் பதிலா அப்பாவோட கட்டவெரல் ரேகை.