தப்பான கட்டத்தில் ஒரு டிக்

மகள் துபாயில் நர்ஸ். பிரசவத்துக்கு நாங்கள் ரெண்டு பேரும் வரணும் என்று அவள் சொன்னதில்தான் இதெல்லாம் ஆரம்பம். ஐம்பது வயது வரை எனக்கென்று தனியாக ஒரு பாஸ்போர்ட் தேவைப்பட்டதே இல்லை. கேரளத்தில் குளத்துப்புழை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவனுக்கு அது எதற்கு, ஆரியங்காவு தாண்டி செங்கோட்டைக்குக் கல்யாணம், சாவு என்று போக பஸ் டிக்கெட் போதும்.

நானும் மனைவியும் ஒரே நாளில், ஒரே அக்ஷயா சென்டரில் (இங்கே அரசு விண்ணப்பங்களை ஆன்லைனில் போட்டுக் கொடுக்கிற இடம்), பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டோம். அவளுக்கு மூன்று வாரத்தில் வீட்டுக்கே வந்துவிட்டது. எனக்கு எட்டு மாதம்.

அவள் 1980-ல் புனலூரில் பிறந்தவள். நான் 1974-ல் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். 1979-ல் அப்பா, அம்மா, நான், தங்கச்சி நாலு பேரும் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம், மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் நேராக இங்கே. எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1976-ல் புனலூரில் ரப்பர் தோட்டக் கம்பெனி ஒன்றை அரசாங்கம் தொடங்கியிருந்தது. இலங்கையில் 1948-ல் போட்ட குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து ஜனம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றது, 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். எங்கள் அப்பா இந்தியப் பங்கில் வந்தவர்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. தெரியாதது ஒன்றுதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'இந்தியக் குடியுரிமை எந்த வழியில்' என்று ஒரு கேள்வி இருக்கிறது: பிறப்பு, வம்சாவளி, பதிவு, இப்படி. எல்லாருக்கும் போடுகிற மாதிரி அக்ஷயா பையன் எனக்கும் 'பிறப்பு' என்று போட்டுவிட்டான், அதே தாளில் பிறந்த நாடு இலங்கை. நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அவனைக் குறை சொல்ல மனசில்லை.

போலீஸ் விசாரணைக்கு வந்தவர் முதலில் கேட்டதே, "நிங்ஙள் அபயார்த்தியாணோ?" அகதியா என்கிறார். இல்லை சார் என்று ஆரம்பித்தேன், கொள்ளுத்தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் கடந்து போனதிலிருந்து கப்பலில் அம்மா வாந்தி எடுத்தது வரை சொன்னேன், அவரும் டீ குடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. குடியுரிமை தெளிவாக இல்லை, ஆவணங்களோடு விளக்கம் தரவும்.

ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, முப்பது வருஷத்து பி.எஃப். தாள் என்று ஒரு பையே தூக்கிக்கொண்டு பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனேன். ஆதார் குடியுரிமைக்கு ஆதாரம் கிடையாது, 182 நாள் இங்கே தங்கினவர் யாரும் வாங்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முதல் கவுண்டரில் இருந்தவர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுமுறை போனபோது இருந்த அம்மாதான் நிதானமாகச் சொன்னார்: "சேட்டா, கதை வேண்டாம். நீங்கள் எந்த வழியில் இந்தியர், அதற்கு ஒரு பேப்பர் காட்டுங்கள்." என் மனைவி கதை அங்கே ஒரு வரியில் முடிந்தது. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகள், அவள் அப்பாவும் அதே கப்பலில் வந்தவர்தான் என்றாலும். என் வழி 'பதிவு'. அப்பாவை இந்தியர் என்று பதிந்து கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த பாஸ்போர்ட் வேண்டும்.

அது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது, பெட்டி தென்மலையில் தங்கச்சி வீட்டுப் பரண்மேல். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கேட்டதும் முகம் மாறிவிட்டது. "அதை எதுக்குடா வெளியே எடுக்கிற, உங்கப்பா ரெண்டு நாள் கண்டியிலே வரிசையிலே நின்னு வாங்கினது, யார்கிட்டயும் கொடுத்துடாதே." பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மேலே சேலைத் துணி சுற்றி, உள்ளே ரெண்டு அந்துருண்டை. அட்டையின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. அப்பா போட்டோவில் என்னைவிட இருபது வயது சின்னவர். குழந்தைகள் பக்கத்தில் மை கொஞ்சம் பரவியிருந்தாலும் என் பேர் படிக்கிற மாதிரி இருந்தது. கூடவே எங்களைப் போல வந்த குடும்பங்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையும் இருந்தது, ரேஷன் கார்டு இல்லை. அம்மா என்னோடு பஸ்ஸில் வந்து, அலுவலகத்தில் அந்தக் கவுண்டர்க்காரர் நகலோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்று, கையோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. அப்பாவின் பாஸ்போர்ட்டில் நான் முருகையா. இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது மலையாளம் வாத்தியார் முருகய்யன் என்று எழுதிவிட்டார், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் அதுதான், ஆதாரிலும் அதுதான். ஒரு 'ன்'னுக்காக இன்னும் ஆறு வாரம். இதற்கு வில்லேஜ் ஆபீஸில் 'ஒன் அண்ட் தி சேம்' என்று ஒரு சர்ட்டிபிகேட் கொடுக்கிறார்கள், இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று. எங்கள் தோட்டத்தில் வயசான பாதிப் பேருக்கு இது தேவைப்படும், பாஸ்போர்ட் போடுகிற எண்ணமே இல்லாவிட்டாலும் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம் 'பதிவு' என்று திருத்தி, ஒரே பக்கத்தில் ஒரு கடிதம்: எந்த வருஷம், எந்த ஒப்பந்தம், எந்தப் பாஸ்போர்ட், அதில் எந்தப் பக்கத்தில் என் பேர். கொள்ளுத்தாத்தாவை எடுத்துவிட்டேன். இரண்டாம் விசாரணைக்கு வந்தவர் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது பேரனுக்கு நாலு மாதம், மனைவி தனியாகப் போய்த் திரும்பியும் வந்திருந்தாள்.

ஒன்று மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அகதி இல்லை, அகதி இல்லை என்று எட்டு மாதம் எல்லா மேஜையிலும் சொன்னேன். அப்பாவின் தம்பியும் எங்களோடுதான் விண்ணப்பித்தார், அவருக்குத் தாமதமாகி, 1984-ல் கப்பலும் நின்றுவிட, அங்கேயே தங்கிவிட்டார். 1990-ல் குடும்பத்தோடு அகதிகளாகப் படகில் வந்தார்கள். ஒரே லயம், ஒரே தாத்தா. அவர் பிள்ளைகள் இன்னும் தமிழ்நாட்டில் முகாமில்தான் இருக்கிறார்கள், 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை கிடையாது.

எனக்குக் கிடைத்தது கேள்விப்பட்டுச் சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அண்ணே, அப்பா விண்ணப்பிச்ச ரசீது ஒண்ணு இருக்கு, மங்கிப்போச்சு, ஏதாவது ஆகுமா?" எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. முதலில் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, லேமினேஷன் மட்டும் பண்ணிவிடாதே என்றேன்.